பாறையே அதன் கோட்டை

மாலைச் செபமாலை முடிந்தபின் திருவிவிலியத்தில் ஒரு பகுதியை வாசிக்கும் நல்வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் நிலைத்திருக்கிறது. அவ்வாறு வாசிக்கையில், படைப்பின் மாட்சியைப் பாடும் 104ஆம் திருப்பாடலில் நமக்கு அறிமுகமில்லாத ஒரு சிறு விலங்கைச் சந்திக்கிறோம். மலையாடுகளை அடுத்து, பாறையை அண்டி வாழும் அச்சிற்றுயிரையும் திருப்பாடல் ஆசிரியர் மறவாமல் நினைவுகூர்கிறார். நீதிமொழிகள் நூலின் 30ஆம் அதிகாரமும் எறும்பு, வெட்டுக்கிளி, பல்லி ஆகியவற்றோடு அதனைச் சேர்த்து, சிறியவையாயினும் ஞானம் மிக்க நான்கு உயிர்களுள் ஒன்றாக எண்ணுகிறது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் அதன் பெயர் குழிமுசல் என்றும் குழிமுயல் என்றும் காணப்படுகிறது.

"குழிமுயல் என்றால் என்ன, அப்பா?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? இக்கேள்வியைவிடக் கடினமான வேறொரு கேள்வியும் உண்டு. லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் இவ்விலங்கை அசைபோடுவதாகக் குறிப்பிடுகிறது. உயிரியல் நூலைப் புரட்டும் பிள்ளையோ, அது அசைபோடும் இனத்தைச் சேர்ந்ததன்று எனக் காண்கிறான். "எது மெய்? விவிலியமா, அறிவியலா?" என்று அவன் கேட்கும்போது, "வாயை மூடு" என்று அடக்கிவிடுவது எளிது. ஆயின் அவ்வாறு அடக்கப்பட்ட ஐயம் அழிந்துவிடுவதில்லை. உள்ளத்தின் அடியில் கிடந்து, பிற்காலத்தில் விசுவாசத்தையே அரித்துவிடுதல் கூடும். ஆகவே இச்சிறு விலங்கைச் சற்று நெருங்கிக் காண்போம்.

பெயரால் நேர்ந்த பிழைகள்

எபிரேய மொழியில் ஷாபான் என்றும், விலங்கியலார் மொழியில் ஹைராக்ஸ் என்றும் வழங்கும் இவ்வுயிர் முயலும் அன்று. குழி தோண்டுவதும் அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியிலும், அரேபியா, இஸ்ரயேல், யோர்தான், லெபனோன் முதலிய நாடுகளிலும் பாறைப் பிளவுகளில் இது வாழ்கிறது. நம் நாட்டில் இது இல்லை. ஆதலால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் நமக்குத் தெரிந்த முயலின் பெயரைச் சார்த்தி இதற்கு ஒரு பெயர் அமைத்துக் கொடுத்தனர். அதில் வியப்பொன்றும் இல்லை.

ஏனெனில் இவ்விலங்கைக் கண்டவர் அனைவருமே தடுமாறியிருக்கின்றனர். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு மக்கள், தம் நாட்டுத் தரைக்கரடியின் பெயரை இதற்குச் சூட்டி 'டாசி' என்று அழைத்தனர். 1766ஆம் ஆண்டில் பல்லாஸ் என்னும் இயற்கை அறிஞர் இதனைச் சீமைப் பெருச்சாளியின் இனத்தோடு சேர்த்தார். ஸ்பெயின் கரையில் முயல்களைக் கண்ட பெனீசிய மாலுமிகள், அவற்றைத் தம் ஊர் ஷாபான் என மயங்கி அந்நாட்டுக்கே அப்பெயரை இட்டனர் என்றும், அதிலிருந்தே ஸ்பெயின் என்னும் பெயர் தோன்றிற்று என்றும் ஒரு கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

மறைத்தந்தையருள் இவ்விலங்கின் இயல்பை நன்கு அறிந்திருந்தவர் புனித எரோணிமுஸ். 386ஆம் ஆண்டு முதல் தம் இறப்பு வரை பெத்லகேமில் தங்கி விவிலியப் பணி ஆற்றிய அப்பெரியார், கோத்து இனத்தார் இருவர்க்கு எழுதிய நீண்ட மடலொன்றில், இது முள்ளெலியினும் பெரிதன்று, கரடியையும் எலியையும் ஒருங்கே ஒத்தது, பாலஸ்தீன மக்கள் இதனைக் கரடியெலி என்றே அழைக்கின்றனர் என்று விளக்கினார். ஆனால் புனித அகுஸ்தினார் கையாண்ட இலத்தீன் திருப்பாடலிலோ முள்ளெலியின் பெயரே இருந்தது. அவர் அதனைப் பாவங்களாகிய முட்களால் மூடப்பட்ட மனிதனுக்கு உவமையாகக் கொண்டு, அவனுக்கு அடைக்கலமான பாறை கிறிஸ்துவே என்று உரை வகுத்தார். விலங்கின் பெயர் மாறிற்று. ஆயினும் திருப்பாடல் உணர்த்த வந்த அடைக்கலம் என்னும் உண்மை மாறவில்லை. இதனை நாம் நினைவில் இருத்துவோமாக, பின்னர்ப் பயன்படும்.

யானைக்கு உறவு

பாறை ஹைராக்ஸ் ஏறத்தாழ முயலின் பருமன் உடையது. எடை 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். பழுப்பு நிற மயிர், உருண்டை உடல், குறுங்காதுகள், குட்டைக் கால்கள். வெளியே தெரியும் வால் இல்லை. பார்த்தவர் எவரும் இதனை எலியினம் என்றே எண்ணுவர். ஆனால் இன்று வாழும் விலங்குகளுள் இதற்கு மிக நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? யானையும் கடற்பசுவும்!

நம்புதற்கரியதாயினும் இது பல வழிகளில் உறுதிப்பட்ட உண்மை. இதன் முன்காலில் 4 விரல்களும் பின்காலில் 3 விரல்களும் உள்ளன. பின்காலின் உள்விரலில் மட்டும் மயிரைக் கோதுவதற்கு ஏற்ற நீண்ட வளைநகம் அமைந்திருக்கிறது. ஏனைய விரல்களில் யானையின் நகம் போன்ற தட்டையான, குளம்பை ஒத்த நகங்களைக் காண்கிறோம். மேல்தாடையின் முன்பற்கள் இரண்டும் சிறு தந்தங்கள் போல் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. யானையின் தந்தமும் முன்பல்லே அன்றோ! முயலின் கருக்காலம் ஏறத்தாழ 1 மாதம். அதே பருமனுள்ள ஹைராக்ஸோ 7 மாதங்களுக்கு மேல் குட்டியைச் சுமக்கிறது. உயிரணுக்களின் மரபுக் கூறுகளை ஆராய்ந்தவர்களும் இவ்வுறவை உறுதி செய்துள்ளனர். பாக் நீரிணையில் நம் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவும் இவ்வகையில் அதற்கு உறவாகிறது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அப்பகுதியில் கடற்பசுவுக்கென ஒரு காப்பகம் அறிவித்ததை நம் வாசகர் அறிவர்.

எகிப்தின் ஃபையூம் பாலைநிலத்தில் கிடைத்த தொல்லுயிர் எலும்புகள் இன்னொரு செய்தியைக் கூறுகின்றன. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹைராக்ஸ் குலத்தார் அங்கே மேய்ந்து திரிந்த விலங்குகளுள் முதன்மை பெற்றிருந்தனர். முயலளவினவும் இருந்தன, சிறு காண்டாமிருகத்தின் அளவினவும் இருந்தன. பின்னர் மாட்டினமும் மானினமும் பெருகியபோது பேருருவம் கொண்டவை மறைந்தொழிந்தன. சிற்றுருவம் கொண்டு பாறையிடுக்கிலும் மரப்பொந்திலும் ஒதுங்கியவையே இன்றுவரை எஞ்சி நிற்கின்றன. பெருமை நிலைக்கவில்லை, புகலிடம் தேடிய சிறுமை நிலைத்தது.

வலிமையின்மையும் அதற்கேற்ற ஏற்பாடும்

விவிலிய ஞானி இதனை வலிமையற்ற இனமாகக் கண்டது எத்துணைப் பொருத்தம் என்பதை ஆய்வாளர் இன்று விளக்குகின்றனர். பாலூட்டிகள் பெரும்பாலானவை தம் உடல் வெப்பத்தை ஒரே நிலையில் காத்துக்கொள்ளும். ஹைராக்ஸுக்கு அவ்வாற்றல் குறைவு. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் உடல் வெப்பமும் தாழ்கிறது. ஆகவே காலையில் பாறைமீது படுத்து வெயில் காய்ந்த பின்னரே இரை தேடப் புறப்படுகிறது. கடுங்குளிரும் மழையும் உள்ள நாளில் வெளியே வருவதில்லை. மண்ணைத் தோண்டி வளை அமைக்கும் திறமையும் அதற்கு இல்லை. நெடுந்தொலைவு ஓடவும் இயலாது. பகைவரோ பலர்: சிறுத்தை, நரி, பாம்பு, எல்லாவற்றிற்கும் மேலாக வெரோ கழுகு என்னும் கருங்கழுகு. ஆப்பிரிக்க மலைகளில் வாழும் இக்கழுகின் தலையாய உணவே ஹைராக்ஸ்தான்.

இத்தனை குறைகளும் உடைய விலங்கு எவ்வாறு பிழைக்கிறது? தன் குறைக்கு ஏற்ற இடத்தை அது விட்டு நீங்குவதில்லை. அதுவே அதன் ஞானம். பாறைப் பிளவில் வெயிலின் கொடுமையும் இரவின் குளிரும் ஓரளவே புகும். பெருவிலங்கோ புகவே இயலாது. அதன் உடலமைப்பு முழுவதும் அப்பாறைக்கென்றே வகுக்கப்பட்டதுபோல் தோன்றுகிறது. உள்ளங்கால்கள் மயிரின்றி, இரப்பர் போல் மென்மையாய், வியர்வைச் சுரப்பிகளால் எப்பொழுதும் ஈரமாய் இருக்கின்றன. அதனால் செங்குத்தான வழுக்குப் பாறையிலும் அது தவறாது ஏறி இறங்குகிறது. உடல் எங்கும் ஆங்காங்கே நீண்ட உணர்மயிர்கள் நிற்கின்றன. இருண்ட பிளவினுள் தடவிச் செல்ல அவை உதவுகின்றன. கண்மணியின் மேல் ஒரு சிறு திரை நீண்டு, உச்சி வெயிலின் கூச்சத்தைத் தடுக்கிறது. கதிரவன் இருக்கும் திசையிலிருந்து பாய்ந்து வரும் கழுகையும் அதனால் காண முடிகிறது.

தண்ணீர் அரிதான நிலத்தில் அதன் சிறுநீரகங்கள் மிகச் சிக்கனமாகப் பணி செய்கின்றன. சிறுநீர் மிகச் செறிவானது. அதில் உள்ள சுண்ணப் பொருள் பாறைமீது வெண்ணிறப் படிவமாய் உறைந்து நிற்கும். கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில் கழிவகற்றும் பழக்கம் உடையதாதலால், அப்படிவம் தலைமுறை தலைமுறையாக அடுக்கடுக்காய்ச் சேர்ந்து கல்லாகிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான இத்தகைய படிவங்களை அறுத்து, அவற்றுள் அகப்பட்ட மகரந்தத் துகள்களைக் கொண்டு, பண்டைக் காலத்தில் மழை எவ்வாறு பெய்தது, எவ்வகைச் செடிகள் வளர்ந்தன என்று அறிஞர்கள் கணிக்கின்றனர். நாம் அருவருத்து ஒதுக்கும் பொருளும் இறைவனின் ஏற்பாட்டில் வரலாற்று ஏடாக நிற்கிறது!

ஒன்றை ஒன்று காக்கும் குடும்பம்

பாறை மட்டும் அதற்குக் கோட்டையன்று. அதன் குடும்பமும் கோட்டையே. பொதுவாக ஓர் ஆண், பல பெண்கள், அவற்றின் குட்டிகள் எனக் கூட்டமாக அவை வாழ்கின்றன. குளிர் இரவுகளில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து குவியலாய்க் கிடந்து, தனித்துக் காக்க இயலாத வெப்பத்தைச் சேர்ந்து காத்துக்கொள்கின்றன. மேயும்போது உயர்ந்த பாறையில் ஒன்று காவல் நிற்கும். கழுகின் நிழல் தோன்றியதும் அது கூவ, அடுத்த நொடியில் அனைத்தும் பிளவினுள் மறைந்துவிடும். மேய்ச்சலும் விரைவானதே, ஆபத்து மிகுந்த வெளியிடத்தில் அவை மேயும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கும் குறைவு என்று கணக்கிட்டுள்ளனர்.

குட்டிகள் கண் திறந்து, மயிர் அடர்ந்து, ஓடும் ஆற்றலோடு பிறக்கின்றன. ஒரு பேற்றில் பெரும்பாலும் 2 அல்லது 3 குட்டிகள். தான்சானியாவின் செரங்கெட்டிப் பாறைக் குன்றுகளிலும் சிம்பாப்வே நாட்டு மத்தோபோ மலைகளிலும் பாறை ஹைராக்ஸும், அதன் உறவினமாகிய புதர் ஹைராக்ஸும் ஒரே பிளவில் குடியிருப்பதைக் கண்டிருக்கின்றனர். இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒன்றோடொன்று மணவுறவு கொள்வதில்லை. எனினும் காலையில் ஒன்றாகக் குளிர் காய்கின்றன. குட்டிகள் கலந்து விளையாடுகின்றன. வேற்றினத்தாரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் இப்பண்பு நம்மை நாண வைக்கவில்லையா? ஒரே பங்கில், ஒரே பலிபீடத்தைச் சூழ்ந்து நின்றும், சாதியின் பெயரால் தெருவைப் பிரித்துக்கொள்ளும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய காட்சி அது.

இஸ்ரயேலில் சாக்கடலின் மேற்குக் கரையில் ஏன்கேதி என்னும் பாறைநிலம் உள்ளது. சவுலுக்கு அஞ்சிய தாவீது ஒளிந்திருந்த இடம் அது என்பதை முதல் சாமுவேல் நூலில் படிக்கிறோம். இன்று அங்கே மலையாடுகளும் ஹைராக்ஸ்களும் காக்கப்படுகின்றன. 104ஆம் திருப்பாடல் இணைத்துக் கூறிய இவ்விரண்டையும் அங்கே இன்றும் ஒருங்கே காணலாம். இஸ்ரயேல் ஆய்வாளர்கள் அங்குள்ள ஹைராக்ஸ்களைத் தனித்தனியே அடையாளமிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தனர். ஆண் ஹைராக்ஸ் நெடுநேரம் பாடும் இயல்புடையது என்றும், அதன் பாட்டிலேயே அதன் பருமனும் வயதும் தகுதியும் வெளிப்படுகின்றன என்றும் அவர்கள் கண்டனர். 2011ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. ஒரு சிலரைச் சுற்றியே உறவுகள் குவிந்திருக்கும் கூட்டத்தைவிட, உறவுகள் எல்லோரிடமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கும் கூட்டத்தில் வாழும் ஹைராக்ஸ்கள் நீண்ட நாள் வாழ்கின்றன என்பதே அது.

விலங்கின் வாழ்வை அப்படியே மனிதனுக்குச் சட்டமாக்க நாம் துணியோம். எனினும் ஒரு வீட்டில் பாட்டியை ஒருவரும் ஏறெடுத்துப் பாராமல், சம்பாதிக்கும் மகனைச் சுற்றியே எல்லாரும் கூடும் நிலையை நாம் கண்டதில்லையா? ஒதுக்கப்பட்டவர் மட்டுமன்று, ஒதுக்கிய குடும்பமும் அங்கே வலுவிழக்கிறது.

அசைபோடும் கேள்வி

இனி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம். மாடும் ஆடும் விழுங்கிய இரையை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுவன. ஹைராக்ஸ் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் இரைப்பையும் குடலும் வேறு வகையில் அமைந்தவை. குடலின் பைகளில் வாழும் நுண்ணுயிர்கள் கடின நாரைச் செரிக்க உதவுகின்றன. ஆனால் அது ஓய்ந்திருக்கும்போது உற்றுப் பார்த்தால், வாயில் இரை இல்லாதபோதும் தாடையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே இருப்பதைக் காணலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது அசைபோடுவதாகவே தோன்றும். பண்டை இஸ்ரயேல் மக்கள் தம் கண்ணால் கண்டதை, தம் வழக்கு மொழியில் கூறினர். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று சாமானிய இடையனும் கண்டறிவதற்கான அடையாளம் அது. குடலை அறுத்துப் பார்க்கும் ஆய்வுரை அன்று.

திருச்சபை இதனை இன்று நேற்றுக் கூறவில்லை. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1893ஆம் ஆண்டில் விவிலிய ஆய்வு குறித்து எழுதிய சுற்றுமடலில், திருநூலாசிரியர்கள் இயற்கையின் உள்ளமைப்பை விளக்க முற்படவில்லை என்றும், புலன்களுக்குத் தோன்றியவாறே அக்கால வழக்கில் எழுதினர் என்றும் தெளிவாக்கினார். 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில், ஆசிரியர் எக்கருத்தை, எவ்வகை இலக்கிய நடையில் சொல்ல விரும்பினார் என்று தேட வேண்டும் எனவும், நம் மீட்புக்காக இறைவன் தர விரும்பிய உண்மையை விவிலியம் பிழையின்றிக் கற்பிக்கிறது எனவும் எடுத்துரைத்தது. "கதிரவன் உதித்தான்" என்று நாமும் நாள்தோறும் கூறுகிறோம். பூமி சுழல்வதை அறிந்த ஆசிரியரும் அவ்வாறே கூறுகிறார். அவர் பொய்யர் ஆகிவிடுவாரா?

ஆகவே, பிள்ளையை அதட்டாமல் அருகில் அமர்த்தி இதனை எடுத்துச் சொல்வோம். முள்ளெலி என்று படித்த அகுஸ்தினாரும், கரடியெலி என்று எழுதிய எரோணிமுஸும், குழிமுயல் என்று படிக்கும் நாமும் அத்திருப்பாடலிலிருந்து பெறும் மீட்பின் உண்மை ஒன்றே. உண்மை உண்மையோடு முரண்படாது என்னும் துணிவு பெற்றோர்க்கு இருந்தால், பிள்ளைக்கும் அத்துணிவு வரும்.

நாம் குவித்த கற்கள்

இவ்விலங்கின் கதையில் மனிதன் பங்கும் ஒன்று உண்டு. இஸ்ரயேலில் வீடுகளும் சாலைகளும் அமைக்க நிலத்தைச் சமன் செய்தபோது, தோண்டிய பாறைகளை ஊரோரத்தில் குவித்துவிட்டனர். பிளவுகள் நிறைந்த அக்குவியல்களை ஹைராக்ஸ்கள் தமக்கென அமைத்த மாளிகைகளாகக் கொண்டு, ஊரை நெருங்கிக் குடியேறின. மணல் ஈக்களின் கடியால் பரவும் ஒருவகைத் தோல்புண் நோயின் கிருமி அவற்றின் உடலில் தங்குவதுண்டு. அதனால் கலிலேயாவிலும் யூதேயாவிலும் மக்கள் சிலர் அந்நோய்க்கு உள்ளாயினர். குற்றம் விலங்கினுடையதா? அது தன் இயல்பின்படி பாறையை நாடிற்று. பின்விளைவை எண்ணாமல் கல்லைக் குவித்தவர் நாமே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் படைப்பின் பராமரிப்பு குறித்து எழுதிய சுற்றுமடலில், ஒவ்வோர் உயிரும் மனிதனுக்குப் பயன்படுவதால் மட்டுமன்றித் தன்னளவிலேயே மதிப்புடையது என்றும், படைப்பில் அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்றும் வலியுறுத்தினார். அப்பிணைப்பை மறந்தால் துன்பம் நம் வாயிலுக்கே வரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அன்பு வாசகர்களே, நம் குடும்பங்களில் வலிமையற்றோர் பலர் உள்ளனர். கடன்பட்ட தந்தை, நோயுற்ற தாய், தேர்வில் தோற்ற மகன், மணவாழ்வில் புண்பட்டுத் திரும்பிய மகள். இவர்கள் அனைவரும் தம் வலுவின்மையை மறைத்து, தனித்து நின்று போராட முயன்று சோர்ந்து போகின்றனர். பாறையை அண்டி வாழும் சிற்றுயிரோ, தன் குறையை மறைப்பதில்லை, தனித்தும் நிற்பதில்லை. உறுதியான ஓரிடத்தைப் பற்றிக்கொள்கிறது; தன் இனத்தோடு நெருங்கிக் கிடக்கிறது; ஒன்று விழித்திருக்க மற்றவை இளைப்பாறுகின்றன.

இன்று மாலை செபமாலை முடிந்தபின், 104ஆம் திருப்பாடலை உரக்க வாசியுங்கள். குழிமுயல் என்னும் சொல் வரும்போது சற்றே நிறுத்தி, அது யானையின் உறவு என்று பிள்ளைகளுக்குக் கூறுங்கள். அவர்கள் கண்கள் விரியும். பின்னர் வீட்டில் யாருக்கு இன்று வெப்பம் தேவைப்படுகிறது, யார் குளிரில் தனித்து நிற்கிறார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். நம் பாறை கிறிஸ்துவே. அப்பாறையின் பிளவில் நம் எல்லோருக்கும் இடம் உண்டு.